விளைபொருளுக்கு ஒரு பெயரும் ஒரு சொல்லும்

சந்தைக்கு வந்து சேரும் நெல் மூட்டையொன்றை எடுத்துக்கொள்வோம். அதனை விளைவித்த கமக்காரர் ஒரே இன விதைநெல்லைத் தேர்ந்து விதைத்தவர். கலப்புக் கதிர்களைக் கண்டவிடத்தே பிடுங்கி எறிந்தவர். நெல்லை நன்கு தூற்றி, ஈரம் நூற்றுக்கு 14 பங்கிற்கு மேற்படாதவாறு காயவைத்துச் சாக்கிலிட்டவர். அம்மூட்டைக்கு அருகிலே வேறொரு மூட்டை நிற்கின்றது. அதிலே பதரும் மண்ணும் இருவகை நெல்லும் கலந்துள்ளன. வியாபாரி இரண்டையும் ஒரே குவியலிற் கொட்டுகின்றார். விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே எழுதப்படுகின்றது.

கொட்டிய அக்கணத்திலேயே முதலாமவரின் உழைப்பு பெயரற்றுப் போய்விடுகின்றது. அவருடைய நெல்லின் அரிசியை எங்கோ ஒரு குடும்பம் உண்டு மகிழ்ந்து, மறுமுறையும் அதனையே வாங்க விரும்பலாம். ஆனால், எதனைச் சொல்லிக் கேட்பது என்பது அக்குடும்பத்துக்குத் தெரியாது. கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத இந்நட்டம் போகந்தோறும் நிகழ்ந்து வருகின்றது.

தமது நெல்லைத் தாமே புழுக்கிக் குற்றி அரிசியாக விற்போரும், செத்தல் மிளகாயைத் தூளாக்கி விற்போரும், வெங்காயத்தை வலைப்பையிலிட்டு நேரே கடைகளுக்குக் கொடுப்போரும் இன்று பலர் உளர். இவர்கள் கமக்காரராய் இருப்பதோடு சிறு வியாபாரிகளாயும் ஆகின்றனர். நல்ல பொருளை உண்டாக்குவதோடு, அப்பொருள் இன்னாருடையது என்று வாங்குவோர் மனத்திற் பதியச் செய்வதும் இவர்களுடைய வேலையாகின்றது. இதற்கு வேண்டியவை ஒரு பெயர், ஒரு குறி, ஒரு சிறு வாசகம் என்னும் மூன்றுமே.

இது கமக்காரருக்குப் புதியதொன்றன்று. மேய்ச்சல் தரையிலே பலருடைய மாடுகள் ஒன்றாய்க் கலந்து திரியுமிடத்து, இன்னாருடைய மாடு என்று அறியும்பொருட்டுக் குறிசுடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பொருள்களின் வணிகப் பெயரை ஆங்கிலத்திலே ‘பிராண்ட்’ என்கின்றனர். அச்சொல்லும் சூடு போடுதலைக் குறித்த சொல்லிலிருந்தே வந்தது. மாட்டுக்கு இட்ட குறி கள்வனிடமிருந்து காத்தது. பொதிக்கு இடும் குறி மறதியிடமிருந்து காக்கின்றது.

தேயிலை கற்பிக்கும் பாடம்

இத்தீவின் விளைபொருளொன்றே இதற்கு நல்ல சான்று. கிளாஸ்கோ நகரிலே 1871 இல் மளிகைக் கடையொன்றைத் திறந்து, பின்னர் பல நகரங்களிற் கடைகளை நிறுவிய தோமஸ் லிப்டன் என்பவர், 1890 இல் இலங்கைக்கு வந்து மலைநாட்டிலே தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். பிரித்தானியக் கடைகளிலே அக்காலத்துத் தேயிலை பெரும்பாலும் பெட்டிகளிற் கிடந்து, கேட்டவர்க்கு அள்ளி நிறுத்துக் கொடுக்கப்பட்டது. எந்தப் பெட்டியில் எந்தத் தேயிலை, அதனோடு எது கலந்தது என்பன வாங்குவோர்க்குத் தெரியா. லிப்டன் தம் தேயிலையை நிறை குறித்த சிறு பொதிகளாக்கித் தம் பெயரைப் பொறித்து விற்றார். தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்திற்கு என்ற கருத்துடைய ஒரு வாசகத்தையும் அதனோடு வழங்கினார்.

அவ்வாசகத்தைச் சற்று ஆராய்தல் தகும். அதிலே சிறந்தது என்றோ, மணமுள்ளது என்றோ, மலிவானது என்றோ ஒரு சொல்லும் இல்லை. பொருள் வரும் வழி மாத்திரமே சொல்லப்படுகின்றது. அதைக் கேட்டவர், இடையிற் கை மாறாத பொருள் ஆதலால் கலப்பும் குறைவு, விலையும் குறைவு என்று தாமே எண்ணிக்கொள்வர். பிறர் சொல்லக் கேட்ட புகழ்ச்சியிலும் தாமே எண்ணி அடைந்த முடிவு மனத்தில் நீண்ட நாள் நிற்கும். விற்பனை வாசகம் எழுத முற்படுவோர் பலர் இந்த நுட்பத்தை அறியாமலே ‘உயர்தரமானது, சுவையானது, சுகாதாரமானது’ என்று அடுக்கிவிடுகின்றனர். இவற்றை எழுதாத பொதி இந்நாட்டில் ஒன்றேனும் உண்டோ? எல்லோரும் சொல்வதை ஒருவர் சொன்னால் அவர் ஒன்றும் சொல்லாதவரே ஆவர்.

பெயர் தேடுதல்

ஊர்ப்பெயரால் புகழ்பெற்ற பொருள்கள் நம்மிடையே உள்ளன. பருத்தித்துறை வடை, நீர்வேலி வாழைப்பழம், மட்டக்களப்புத் தயிர், யாழ்ப்பாண வெங்காயம் என்று சொன்னவுடன் கேட்பவர்க்கு நாவூறுகின்றது. ஆயினும் ஊர்ப்பெயர் மாத்திரம் ஒருவருக்குக் காவலாகாது. அஃது ஊரார் எல்லோருக்கும் பொது. ஊராரல்லாதவரும் அதனை எடுத்துக்கொள்வர். நுவரெலியா உருளைக்கிழங்குக்குச் சந்தையில் நல்ல மதிப்பு உண்டு. அதனைக் கண்ட சிலர், வெளிநாட்டிலிருந்து வந்த கிழங்கின்மேல் மலைநாட்டு மண்ணைப் பூசி நுவரெலியாக் கிழங்கென்று விற்ற செய்தி பலமுறை வெளிவந்துள்ளது. மலைச் சரிவிலே குளிரிற் பாடுபட்டவர் தேடிய நற்பெயரைக் கூடை மண்ணாற் கவர்ந்துகொண்டனர். பெயரோடு தமக்கேயுரிய குறியொன்றையும், பொதியையும் சேர்த்துக்கொள்ளாதவிடத்து இவ்வாறு நிகழ்வது எளிது.

ஆதலின், ஊர்ப்பெயரோடு தமக்கேயுரிய வேறொரு சொல்லையும் சேர்த்தல் நன்று. அச்சொல் சிறிதாக இருத்தல் வேண்டும். இரண்டு அல்லது மூன்று அசையளவிற்கு மேற்படாதிருப்பின் மிக நன்று. வயலின் பெயரையே வைக்கலாம். நம் வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் பரம்பரையாக வழங்கும் காணிப்பெயர்கள் உறுதிகளில் எழுதப்பட்டுள்ளன. அவற்றுட் சில கேட்பதற்கு மிக இனியன. குளத்தின் பெயர், வாய்க்காலின் பெயர், வரம்பில் நிற்கும் மரத்தின் பெயர் என்பனவும் உதவும். பிள்ளைகளின் பெயரை வைக்கும் வழக்கமும் உண்டு. அதிற் குற்றமில்லை, ஆயின், அதே பெயரில் அரிசியும் தூளும் ஏற்கனவே பல இருத்தல் கூடும்.

பெயரிலே ழகரம் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. அது தமிழுக்குச் சிறப்பெழுத்தென்பதிலே ஐயமில்லை. ஆனால், தம்புள்ளையிலும் கொழும்பிலும் பொருளை வாங்கும் சிங்கள வியாபாரிக்கு அவ்வொலி வாராது. ஆங்கில எழுத்தில் எழுதப் புகுந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவர். யாழ்ப்பாணத்தின் பெயரே சிங்களத்தில் ழகரத்தை இழந்து ‘யாப்பனய’ என வழங்குகின்றதெனில், ஒரு பொதி அரிசியின் பெயருக்கு வேறென்ன நேரும்? வெளிமாவட்டங்களுக்கு அனுப்ப எண்ணுவோர் மும்மொழியினரும் ஒரே விதமாக உச்சரிக்கத்தக்க பெயரைத் தேர்தல் வேண்டும். தம் ஊர்க் கடைகளுக்கு மாத்திரம் கொடுப்போர்க்கு இக்கவலை இல்லை.

தேர்ந்த பெயரைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. அயலவர் ஒருவரிடம் அதனை ஒருமுறை மாத்திரம் சொல்லி, ஒரு கிழமை கழித்து, ‘அன்றைக்குச் சொன்ன பெயர் என்ன?’ என்று கேட்க வேண்டும். நினைவிலில்லையெனின் அப்பெயரைக் கைவிடலாம். தொலைபேசியிற் சொல்லிப் பார்ப்பதும் நன்று. மறுமுனையில் உள்ளவர் ‘என்ன, என்ன?’ என்று இருமுறை கேட்பாராயின் அப்பெயர் சந்தை இரைச்சலில் நிலைக்காது.

வாசகம் எங்கே கிடைக்கும்?

விற்பனை வாசகத்தை மேசைமுன் இருந்து எழுதுதல் பயன்தராது. கடையின் ஓரத்தில் அரைநாள் நின்று, வாங்குவோர் பேசுவதைக் கேட்டல் வேண்டும். அரிசி வாங்க வந்த தாயார் கடைக்காரரிடம் யாது கேட்கின்றார்? ‘தம்பி, இதிலை கல்லுக் கிடக்குமோ?’ என்கின்றார். இன்னொருவர், ‘போனமுறை தந்தது குழைஞ்சு போச்சு’ என்கின்றார். மூன்றாமவர், ‘புழுங்கல் மணம் அடிக்குமோ?’ என்று பையைத் திறந்து முகர்கின்றார். அரிசியில் மாச்சத்து எவ்வளவு என்றோ, எவ்வளவு நவீன ஆலையிற் குற்றப்பட்டது என்றோ எவரும் கேட்பதில்லை. வாங்குவோரின் அச்சம் எதுவோ, அதற்குரிய விடையே வாசகம்.

மேலே சொன்ன முதற் கேள்விக்கு விடை ‘கல் பொறுக்க வேண்டாம்’ என்பது. மூன்றே சொற்கள். அடுப்படியில் சுளகோடு இருந்து கல் பொறுக்கிய ஒவ்வொருவருக்கும் இதன் பொருள் உடனே விளங்கும். மிளகாய்த்தூள் விற்பவர் ‘மிளகாய் மட்டும்’ என்று எழுதினால் போதும். கலப்படத்தைப் பற்றிய ஐயம் முழுவதற்கும் அவ்விரு சொற்களே மறுமொழி. வெங்காயம் விற்பவர், ‘காயவிட்டுக் கட்டிய வெங்காயம்’ என்னலாம். கிண்டிய வெங்காயத்தை ஈரத்தோடே சாக்கிலிட்டனுப்பி, அது வழியில் வியர்த்து அழுகிய அனுபவம் கடைக்காரர்க்கு நிறைய உண்டு. ஆதலால் இவ்வாசகம் உண்பவரிலும் கடைக்காரரையே முதலிற் கவரும். கீரை விற்பவர்க்கு ‘இன்று காலை பிடுங்கியது’ என்பதிலும் நல்ல வாசகம் இல்லை. ஆனால் அது அன்று மாலை வரையே உண்மை. மறுநாளும் அவ்வட்டை கூடையில் தொங்குமாயின், அதனைக் கண்டவர் கூடையை மாத்திரமன்றி வட்டையையும் நம்பமாட்டார்.

எதுகையும் மோனையும் வாய்த்தால் வாசகம் எளிதில் மனத்திற் பதியும். பழமொழிகள் எழுத்தறியாதவர் நாவிலும் தலைமுறை தலைமுறையாக நிலைத்தமைக்கு அவையும் ஒரு காரணம். ஆனால் ஓசைக்காக உண்மையை வளைத்தல் கூடாது. ‘நாவிற்கினியது, நோயைத் தீர்ப்பது’ என்று ஓசைநயம்பட எழுதிவிடலாம். அரிசி நோயைத் தீர்க்குமென்று பொதியில் எழுதுதல் பொய்யாவதோடு சட்டத்துக்கும் மாறாகும். ‘நஞ்சற்றது’ என்னும் சொல்லும் அத்தகையதே. 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை விதிக்கப்பட்டு, அதே ஆண்டில் அது நீக்கப்பட்டது. அக்காலத்தில் ‘சேதன’ என்ற சொல் எல்லோர் வாயிலும் அடிபட்டது. அச்சொல்லைப் பொதியிற் பொறிப்பவர் அதற்குரிய சான்றிதழ் உடையவராய் இருத்தல் வேண்டும். பூச்சிகொல்லி தெளித்துக் குறித்த நாட்கள் கழியுமுன் பறித்த கத்தரிக்காய்க்கு எந்த இனிய வாசகமும் பொருந்தாது. விவசாயத் திணைக்களம் வழங்கும் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழைப் பெற்றவர்கள் அதனைக் கூறிக்கொள்ளலாம். அது பிறர் சோதித்து அளித்த சொல்லாதலின் தம் வாயாற் புகழ்வதிலும் பலம் மிக்கது.

ஒரு பொதிக்கு ஒரு வாசகமே போதும். கல்லில்லை, குழையாது, மணமுள்ளது, பாட்டன் காலத்து நெல் என்று நான்கையும் எழுதினால் நான்கும் மறக்கப்படும். அவற்றுள் எது மிக உண்மையோ, எதனை அடுத்த போகத்திலும் தவறாது காப்பாற்ற இயலுமோ, அதனையே எழுதல் வேண்டும். பின்னர் அதனை மாற்றலாகாது. எழுதியவருக்கு ஓராண்டில் அது சலித்துப் போகும். வாங்குவோருக்கோ அப்போதுதான் பழகத் தொடங்கியிருக்கும்.

குறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டி நின்று பார்த்தாலும் தெரியத்தக்க ஒரே படம், ஒரே நிறம் போதும். வர்ணப் பொதிகள் ஆயிரக்கணக்கில் அச்சிட்டாலன்றி மலிவாகா; ஆதலால், தொடக்கத்தில் வெற்றுப்பையும் இறப்பர் முத்திரையும் ஒட்டுத்தாளுமே ஏற்றவை. சாக்கின் வாயை எப்போதும் ஒரே நிற நூலாற் கட்டுவதும் ஒரு குறியே. ‘அந்தச் சிவத்த நூல் கட்டின அரிசி’ என்று கேட்டு வாங்குமளவிற்கு அது பழகிவிட்டால், அச்சகத்துக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

பெயர் கெடும் இடம்

பெயர் நிலைத்தபின்னரே உண்மையான சோதனை வருகின்றது. காலபோக அரிசி வைகாசியிலோ ஆனியிலோ முடிந்துவிட்டதென்க. கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து இன்னும் ஐம்பது பொதி வேண்டும் என்கின்றார். வீட்டிலே பெயர் அச்சிட்ட பைகள் மிகுதியாய்க் கிடக்கின்றன. சந்தையில் வேறு அரிசி வாங்கிப் பையிலிட்டுக் கட்டினால் எவருக்குத் தெரியும்? தெரியும். மொட்டைக்கறுப்பனோ பச்சைப்பெருமாளோ பொங்கிப் பழகிய கை, வேறு அரிசியை உலையிலிட்டவுடனே வேற்றுமையை உணர்ந்துவிடும். அவர் கடைக்காரரிடம் முறையிடமாட்டார். அடுத்த மாதம் பேசாமல் வேறு பொதியை எடுப்பார். ஏன் விற்பனை குறைந்தது என்பது கமக்காரருக்குத் தெரியவே மாட்டாது.

அவ்வேளையில் ‘அரிசி முடிந்தது, அடுத்த அறுவடைக்குப் பின் வரும்’ என்று சொல்லுதலே முறை. கடையின் தட்டு வெறுமையாய் இருப்பதாற் சில நாள் வருமானம் போகும். ஆனால் காத்திருந்து வாங்கவேண்டிய பொருள் என்னும் எண்ணம் அதனாலேயே வளர்வதும் உண்டு. மழையில் நனைந்த நெல்லுக்கும், நொய் மிகுந்த அரிசிக்கும் இவ்விதியே பொருந்தும். அவற்றைப் பெயரில்லாத சாக்கிலிட்டு உரிய குறைந்த விலைக்கு விற்றுவிடுதல் வேண்டும். ‘தம்பி, போனமுறை தந்ததுபோல இருக்குமோ?’ என்று கேட்பவருக்கு, ‘அதே அரிசிதான் அம்மா’ என்று தயங்காது சொல்லக்கூடிய நிலையிலே கடைக்காரரை வைத்திருத்தல் கமக்காரரின் பொறுப்பு.

சட்டமும் பதிவும்

பொதியிலிட்டு விற்கும் உணவுப்பொருளின்மேற் கட்டாயம் எழுதவேண்டியவை சில உள. பொருளின் பெயர், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும், விலை என்பன அவற்றுள் அடங்கும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், ஒட்டுத்தாளை அச்சிடுமுன் மாதிரியொன்றை அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டிக் கேட்டறிதல் பணத்தை மிச்சப்படுத்தும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். இலச்சினையை அனுமதியின்றிப் பொறித்தல் குற்றம்.

பெயரையும் குறியையும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் வியாபாரக் குறியாகப் பதிவு செய்யலாம். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இதனைச் செய்கின்றது. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். பொருளின் தன்மையை மாத்திரம் கூறும் சொற்கள், உதாரணமாக ‘நல்ல அரிசி’, பதிவுக்கு ஏற்கப்படா. அவை எல்லோரும் பயன்படுத்தவேண்டிய சொற்கள். பொருள்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அரிசியும் தூள்வகைகளும் 30 ஆம் வகுப்பிலும், பச்சைக் காய்கறிகள் 31 ஆம் வகுப்பிலும் அடங்கும். எனவே எவ்வகுப்பு என்பதைக் குறித்தே விண்ணப்பித்தல் வேண்டும்.

தனியொருவர் செய்கை பண்ணும் நாலைந்து பரப்பிலிருந்து ஆண்டு முழுவதும் கடைகளுக்குக் கொடுக்கப் போதிய பொருள் கிடைப்பதில்லை. ஒரு குளத்தின் கீழுள்ள கமக்காரர் அமைப்போ, கூட்டுறவுச் சங்கமோ ஒரே பெயரில் விற்றல் இதற்கு வழி. சட்டத்திலே கூட்டுக் குறிகளுக்கும் இடமுண்டு. இலங்கைத் தேயிலையின் சிங்க இலச்சினை இம்முறையின் பெரிய உருவமே. தேயிலைச் சபைக்குரிய அவ்விலச்சினையை முற்றிலும் இலங்கைத் தேயிலையாய், இந்நாட்டிலேயே பொதிசெய்யப்பட்டு, சபையின் தரத்துக்கு அமைந்த பொதிகளிலே மாத்திரம் பொறிக்கலாம். அவ்வாறே இலங்கைக் கறுவாவின் பெயரும் 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்திலே புவியியல் குறியீடாகப் பதிவு பெற்றது. ஊர்ப்பெயருக்கும் வேலியிடலாம் என்பதை அது காட்டுகின்றது.

கூட்டுப் பெயரின் தொல்லை யாவரும் அறிந்ததே. நாற்பது பேர் கவனமாய்க் காயவைக்க, ஒருவர் ஈரநெல்லைக் கொண்டுவந்தால் பழி நாற்பது பேருக்கும் உரியதாகும். ‘அவர் எங்கள் ஒன்றுவிட்ட அண்ணர், எப்படித் திருப்பி அனுப்புவது?’ என்னும் சங்கடத்திலேதான் பல கூட்டு முயற்சிகள் முடிந்துபோகின்றன. இதனைத் தவிர்க்க, நெல்லை ஏற்கும் இடத்தில் ஈரமானியொன்றை வைத்து, உறுப்பினர் முன்னிலையிலேயே அளந்து, எண்ணைப் பேரேட்டில் எழுதுதல் வேண்டும். கருவி மறுத்தால் உறவு முறிவதில்லை. அன்றியும், ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதனைப் பொதியின் தொகுதி இலக்கத்தோடு சேர்த்து முத்திரையிடுதல் நன்று. கடையிலிருந்து முறைப்பாடு வந்தால், அப்பொதி எவருடைய களத்திலிருந்து வந்தது என்பதைப் பேரேட்டைப் புரட்டி அன்றைக்கே அறியலாம். பாராட்டு வந்தாலும் அவ்வாறே அறியலாம். முத்திரையில் இலக்கத்துக்கென இடம்விட்டுச் செய்விக்குமாறு முத்திரை செய்பவரிடம் முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும்.